மேற்கு ஜன்னலுக்குக் கீழே

யோகராணி அக்காவின் வீட்டில் ஒரு கண்ணாடிச் சாமான் இல்லை. தேத்தண்ணி கேட்டால் எவர்சில்வர் பேணியில்தான் வரும். சுவரில் மாட்டியிருக்கிற பிள்ளையார் படத்துக்குக்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டா. அபார்ட்மென்ற் ஜன்னலைக் கழற்ற முடியாது என்பதால் அதற்கு மூன்று திரை. கட்டில் எதிர்ச்சுவரோடு ஒட்டிக் கிடக்கும். யாராவது குசினியில் சட்டி மூடியைக் கைதவற விட்டால் அவ மேசைக்குக் கீழேதான். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அவவைப் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணுவார்கள். நானும் வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

இப்படிப்பட்ட மனிசிக்கு வேலை கிடைத்த இடம்தான் பெரிய பகிடி. அதற்குக் காரணம் நான்.

நான் றீற்றா. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கப் பிறவி. ஆனால் ரொறன்ரோவில் பிழைப்புக்கு வேதம் பார்த்தால் சரிவருமோ? பார்க்டேலில் நாங்கள் இருக்கிற கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு அங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. விக்ரோறியா மகாராணி காலத்துச் செங்கல் கட்டடம். அங்கேதான் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கியதும் யோகக்காவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அவவின் புருசன் இரத்தினவேல் அண்ணை போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலம். மகள் கஜனி அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மனிசி வீட்டுக்குள்ளேயே கிடந்தால் விசர் பிடிக்கும் என்று நினைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தா. பார்த்தபடியே நின்றா.

"றீற்றா, சுவர் முழுக்கக் கண்ணாடியோ?"

"ஓம் அக்கா. சுற்றிவர ஜன்னல். சம்மனசுகள், அர்ச்சியசிட்ட புனிதர்கள், எல்லாரும் கலர் கலராய் நிக்கினம். வாங்கோ."

"நான் வரேல்லை."

நல்லகாலம், அந்தக் கிழமை ஒரு ஜன்னலைக் கழற்றி மேசையில் படுக்கப் போட்டு மரியோ என்ற வேலையாள் திருத்திக்கொண்டிருந்தான். யோகக்கா வாசலிலேயே நிற்பதைப் பார்த்து அவன் கூப்பிட்டுக் காட்டினான். ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் சுற்றி மெல்லிய ஈயப் பட்டி. விரலால் அமத்திப் பார் என்றான். அவ ஒற்றை விரலால் தொட்டா. ஜன்னல் கொஞ்சம் வளைந்து கொடுத்தது, உடையவில்லை. ஈயம் இருக்கிறபடியால்தான் காற்றுக்கும் குளிருக்கும் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது என்று மரியோ சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"ஈயமோ? எங்கட ஊரில ஈயம் துவக்குக் குண்டுக்குள்ளதானே இருந்தது," என்றா யோகக்கா. ஆனால் அடுத்த நாள் உள்ளே வந்தா.

வந்த பிறகு அந்தத் தேவாலயத்தைத் தன்னுடைய கோயில் மாதிரித்தான் பார்த்தா. சப்பாத்தோடு ஒருநாளும் நடந்ததில்லை. பூப்போட்ட பழைய தரை ஓட்டில் பனிக்காலத்திலும் காலுறை மேசோடுதான். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தின்றுவிட்டு வரமாட்டா. வேதப்புத்தகம் வைத்து வாசிக்கிற பித்தளைக் கழுகு ஒன்று செட்டையை விரித்துக்கொண்டு நிற்கும். அதற்கு அவ வைத்த பேர் கருடன். சனம் இருக்கிற ஓக் மரத்து வாங்குகளைத் துடைத்து, முழந்தாளிடுகிற தையல் மெத்தைகளை வெயிலில் காட்டி, கடைசியில் கருடனின் செட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவா. பறவைநாகத்தை ஈட்டியால் குத்துகிற மிக்கேல் சம்மனசு அவவுக்கு முருகன். மோட்சத்தின் சாவிகளைத் திறப்புக் கோர்வையாய்ப் பிடித்து நிற்கிற இராயப்பர் வெறும் திறப்புக்காரர். எங்கள் ஆண்டவரின் ஆட்களை இப்படிப் பேர் மாற்றுகிறாவே என்று எனக்குக் கோபம் வரும், பிறகு சிரிப்பும் வரும்.

ஒரு இடத்துக்கு மட்டும் போகமாட்டா. அது மேற்கு வாசல் பக்கம். அங்கேதான் ஞானஸ்நானக் கல்தொட்டி இருக்கிறது, அதற்கு நேர் மேலே எல்லாவற்றிலும் பெரிய ஜன்னல். யேசு இருந்துகொண்டு மடியில் பிள்ளைகளை வைத்திருக்கிற படம். பின்னேரச் சூரியன் பட்டால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்த் தரையெல்லாம் சிந்திக் கிடக்கும். அந்த இடத்தை நான்தான் போய்த் துடைக்க வேண்டும். "அதுக்குக் கீழ நிக்காதை, கெதியாய் வா" என்று தூரத்திலிருந்து கத்துவா.

அந்த ஜன்னலின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டா. வாசித்தேன். ஒரு தாயும் தகப்பனும் தங்களுடைய சின்ன மகனின் நினைவாகக் கொடுத்த ஜன்னல்.

"செத்த பிள்ளையோ?"

"ஓம் அக்கா. இங்க எல்லா ஜன்னலும் அப்பிடித்தான். அந்தக் காலத்து வசதியான ஆக்கள் தங்கட செத்த ஆக்களுக்கு வைச்சது."

"போயும் போயும் கண்ணாடியிலயோ பிள்ளையின்ர பேரை எழுதினவை?" என்று கோபமாய்க் கேட்டா. பிறகு கடைசி வாங்கில் போய் இருந்தா. அன்றைக்குத்தான் பிரதாபனைப் பற்றிச் சொன்னா. அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் இரத்தினவேல் அண்ணை ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. முன் விறாந்தை ஜன்னல்களுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கலர்க் கண்ணாடி போட்டிருந்தார். ஒழுங்கை என்கிற அந்தச் சின்னத் தெருவில் வேறு எவருக்கும் அப்படி இல்லை. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் பிள்ளை படுக்கிற ஏணை கட்டியிருந்தது. பிரதாபனுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. வெளிச்சம் நிறம் நிறமாய் விழுந்தால் கையை நீட்டிப் பிடிப்பானாம்.

குண்டு போடுகிற பொம்பர் வந்தால் ஒழுங்கைச் சனம் முழுக்க ஒரே பங்கருக்குள் இறங்கும். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரைச்சல் அடங்கினதும் ஒருவர் பங்கர் வாசலில் நின்று வீடு வீடாய்ப் பேர் கூப்பிடுவார். வயது, மரியாதை ஒன்றும் இல்லை, வெறும் பேர். இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவரும் "இருக்கிறன்" என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தாய் பதில் சொல்லுவாள். கடைசிப் பேரும் கூப்பிட்டு முடியும்வரை ஒருவரும் வெளியே வரக்கூடாது.

அன்றைக்கு யோகக்கா கஜனியை இழுத்துக்கொண்டு குசினிப் பக்கத்தால் ஓடியிருக்கிறா. விறாந்தையில் நின்ற மனிசன் சின்னவனைத் தூக்கியிருப்பார் என்று நினைத்தா. அவரோ தாய் தூக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு முன் வாசலால் ஓடிவந்தார். குண்டு அடுத்த ஒழுங்கையில்தான் விழுந்தது. பிறகு பேர் கூப்பிட்டார்கள். யோகராணி. இருக்கிறன். இரத்தினவேல். இருக்கிறன். கஜனி. இருக்கிறாள். பிரதாபன்.

"நான் இவரைப் பாத்தன். இவர் என்னைப் பாத்தார்," என்று சொல்லிவிட்டு எழும்பி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. வீட்டில் சுவர்கூட விழவில்லையாம், ஜன்னல் கண்ணாடி மட்டும்தான் உடைந்து உள்ளே வந்ததாம் என்று பிறகு கஜனி எனக்குச் சொன்னாள். அன்றோடு நான் பயந்தாங்கொள்ளி என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

தேவாலயத்தின் முன்பக்கத்தில் கல்லால் செதுக்கிய பிரசங்க மேடை ஒன்று இருக்கிறது. அதற்கு ஏறுகிற படிக்குக் கீழே சின்னக் கதவு போட்ட ஒரு பொந்து. கூட்டுகிற தும்புத்தடி, வாளி வைக்கிற இடம். கொஞ்ச நாளுக்குப் பிறகு மெழுகுச் சீலை எடுக்க நான் அதைத் திறந்தால், தும்புத்தடியைக் காணவில்லை. தண்ணிப் போத்தல், மாறி பிஸ்கற், ரோச் லைற், மடித்த கம்பளி. கதவின் உள்பக்கத்தில் புதிதாய் ஒரு கொளுக்கி.

"இதென்னக்கா, வாளியும் தும்புத்தடியும் உள்ளுக்கை இருந்து பூட்டுமோ?" என்று கேட்டேன்.

அவ சிரிக்கவில்லை. "முழுக்கக் கல்லு. கண்ணாடி வராது," என்றா.

செப்ரெம்பர் தொடக்கத்து நீண்ட வாரவிடுமுறை வந்தால் ஏரிக்கரையில் எயார் ஷோ. ஊரிலிருந்து ஓடிவந்த சனம் நிறைந்த இந்த நகரத்தின் தலைக்கு மேலால் போர் விமானங்கள் வித்தை காட்டும். வெள்ளைக்காரர் கதிரை போட்டு இருந்து ரசிப்பார்கள். எங்கள் பார்க்டேல் அதற்குப் பக்கத்தில்தான். அந்த நாட்களில் யோகக்கா அஜக்ஸில் மகள் வீட்டு நிலவறையில் இருப்பா. லீவு கேட்கிறபோது சொல்லுகிற காரணம், கோயில் தேர்த் திருவிழா.

"பயமாயிருக்கு எண்டு நேரே சொல்லுங்கோவன்," என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"பயமெண்டால் மண்டை பிழையெண்டு நினைப்பினம். பிறகு அவ்வளவு சாமான் இருக்கிற இடத்தை என்னை நம்பி விடுவினமோ? கோயிலெண்டால் ஒருத்தரும் மறு கேள்வி கேளாயினம்."

அதுவும் உண்மைதான். அங்கத்தைய குருவானவர் ஒரு பெண். மார்கிரெற் என்று பேர். பெண் குருவானவரை நான் ஏற்றுக்கொள்ளவே கனகாலம் எடுத்தது. ஆனால் தங்கமான மனிசி. ஒவ்வொரு வருசமும் "உங்கள் தேருக்கு என் வாழ்த்துகள்" என்று சொல்லித்தான் அனுப்புவா.

போன வருசம் அந்த நல்ல குணமே வினையாய் வந்தது. ஆடி மாதம் ஸ்காபரோப் பக்கம் காரில் போன மார்கிரெற், தெருவை மறித்துத் தேர் இழுப்பதைக் கண்டு இறங்கி நின்று பார்த்திருக்கிறா. அடுத்த நாள் துள்ளிக்கொண்டு வந்தா. "யோகா! உங்கள் தேரை என் கண்ணாலேயே பார்த்தேன்! இந்த வருசம் முன்னுக்கே வந்துவிட்டதே. அப்படியானால் செப்ரெம்பர் விடுமுறை ஞாயிறு நீங்கள் இங்கே நிற்கலாம். ஒரு ஞானஸ்நானம் இருக்கிறது."

யோகக்கா ஓம் என்று தலையை ஆட்டிவிட்டா.

"ரொறன்ரோவில கோயிலுக்கோ பஞ்சம்? அது வேற கோயில் எண்டு சொல்லியிருக்கலாமே!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"வாயில வரேல்லையடி. சாமியை வைச்சுப் பொய் சொன்னன், சாமி பிடிச்சுப்போட்டுது," என்றா. பிறகு என் கையைப் பிடித்தா. "நீயும் வா. நான் ஏதும் செய்துபோடுவன் எண்டு பயமாயிருக்கு."

அந்த ஞாயிறு நல்ல வெயில். காலை ஆராதனை முடிந்து சனம் கலைந்து, வெயிலும் மேற்கே சாய்ந்துவிட்டது. ஞானஸ்நான வீட்டார் மட்டும் மேற்கு வாசலில் கல்தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தாய், தகப்பன், சில உறவினர். பிள்ளைக்கு நிலம் தொடுகிற நீளத்தில் வெள்ளைச் சட்டை. அதன் மேல் ஜன்னலின் நிறங்கள் விழுந்திருந்தன. பிள்ளை கையை நீட்டி அந்த நிறங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

யோகக்கா பிரசங்க மேடைப் படியில் ஞானஸ்நானத்துக்கான துவாயோடு நின்றா. நான் பக்கத்தில். அவ பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் நான் இன்னும் ஒட்டி நின்றேன்.

முதல் விமானம் தூரத்தால் போனது. ஜன்னல்கள் எல்லாம் மெல்லிய சத்தத்தில் முனகின. தொட்டியடியில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "எயார் ஷோ," என்றார் யாரோ.

யோகக்கா நடக்கத் தொடங்கினா. வெறுங்காலோடு, நடுப்பாதையால், ஒருநாளும் போகாத அந்தப் பக்கம். "அக்கா, வேண்டாம், வாங்கோ" என்று பின்னால் போனேன். கேட்கவில்லை. தொட்டியடிக்குப் போய்க் குருவானவரின் கையைத் தொட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலிசில், "இங்கே வேண்டாம். பேபி இங்கே வேண்டாம்," என்றா. மேலே ஜன்னலைக் காட்டினா. மார்கிரெற் அன்பாய்ச் சிரித்து, "ஒன்றும் ஆகாது யோகா," என்று சொல்லிப் பிள்ளையைக் கையில் வாங்கினா. பெற்றோரைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குப் பேர் சூட்டுங்கள்," என்றா.

தாய் வாயைத் திறந்தாள். அந்த நேரம்தான் அடுத்தது வந்தது.

அது கூரையை உரசிக்கொண்டு போவதுபோல இருந்தது. எனக்கே காது அடைத்தது. மேற்கு ஜன்னல் முழுதும் கடகடவென்று ஆடியது. ஈயப் பட்டிகளிலிருந்து பழைய தூசி சிந்தியது. எல்லாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். தலை குனிந்து பார்த்தால் அங்கே பிள்ளை இல்லை. மார்கிரெற்றின் கை வெறுங்கையாய் அந்தரத்தில் நின்றது. வெள்ளைச் சட்டை பின்னால் பறக்க, யோகக்கா கூனிக்கொண்டு நடுப்பாதையால் ஓடினா. அறுபது வயது மனிசி அப்படி ஓடி நான் கண்டதில்லை. படிக்குக் கீழே பொந்துக் கதவு திறந்து மூடியது. கொளுக்கி விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு தாய் கத்தினாள். தகப்பன் ஓடிப்போய்க் கதவில் இடித்தான், உதைத்தான். ஓக் மரம், அசையவில்லை. போனை எடுத்துப் பொலிசைக் கூப்பிட்டான். "ஒரு பெண் எங்கள் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்ப் பூட்டிக்கொண்டாள்" என்று அவன் சொல்லக் கேட்டேன். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லையே. பொலிஸ் வந்து கதவை உடைத்தால், இருட்டுக்குள் வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சொல் கேளாமல் இருக்கிற ஒரு கறுத்த மனிசியை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? கதவு உடைகிற சத்தத்தை இவ என்னவென்று நினைப்பா?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. உள்ளேயிருந்து பிள்ளையின் சத்தம் வரவில்லை. ஊரில் பங்கருக்குள் பிள்ளை அழுதால் வாயைப் பொத்துவார்கள். பொத்தின கை எடுபடாமல் போன கதைகளும் எனக்குத் தெரியும்.

"அக்கா, இது எயார் ஷோ அக்கா! விளையாட்டு! கதவைத் திறவுங்கோ!" கொளுக்கி அசையவில்லை. "பொலிஸ் வருகுது அக்கா! கஜனியை நினைச்சுப் பாருங்கோ!"

மார்கிரெற் அழுதுகொண்டே செபித்தா. தாய் நிலத்தில் குந்திக்கொண்டு கதவின் அடி நீக்கலில் விரலை விட்டுப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். அந்த நீக்கலுக்குள் தெரிந்த இருட்டைப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. அங்கே இருப்பது தும்புத்தடிப் பொந்து இல்லை. அந்த ஒழுங்கைப் பங்கர். பேர் கூப்பிடாமல் அதற்குள்ளிருந்து ஒருவரும் வெளியே வரமாட்டார்கள்.

வயதுக்கு மூத்தவவை வெறும் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆம்பிளைக் குரலில் கத்தினேன்.

"யோகராணி!"

உள்ளேயிருந்து, "இருக்கிறன்."

தாய் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்," என்று அவளிடம் இங்கிலிசில் சொன்னேன். "சத்தமாக. கெஞ்ச வேண்டாம், பேரை மட்டும் கூப்பிடுங்கள்." ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"நோறா!"

"இருக்கிறாள்," என்றது உள்ளே குரல். அதோடு பிள்ளை சிணுங்குகிற சத்தமும் கேட்டது. தாய் நெற்றியைக் கதவில் வைத்து விம்மினாள். நான் கொளுக்கி எடுபடுகிற சத்தத்துக்காகக் காத்து நின்றேன்.

எடுபடவில்லை.

"றீற்றா," என்று உள்ளேயிருந்து மெதுவாய் வந்தது. "பிரதாபனைக் கூப்பிடு."

எனக்கு வாய் வரவில்லை. தூரத்தில் பொலிஸ் சைரன் கேட்கத் தொடங்கியது. தகப்பன் அவர்களைக் கூட்டிவரப் பாதி வழி ஓடினான்.

"அவர் என்ன கேட்கிறார்?" என்று தாய் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அவவுடைய மகனின் பேரை. கைப்பிள்ளை. விமானம் வந்தபோது ஜன்னலுக்குக் கீழே விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். கலர்க் கண்ணாடி ஜன்னல்."

அவள் திரும்பி மேற்கு ஜன்னலைப் பார்த்தாள். தன்னுடைய பிள்ளை கொஞ்சம் முன்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கதவோடு வாயை வைத்தாள்.

"பேர் என்ன?"

சொன்னேன்.

"பிரதாபன்!" என்று கூப்பிட்டாள். எழுத்தெல்லாம் இடறியது. ஆனாலும் அந்தப் பெரிய தேவாலயம் முழுக்கக் கேட்டது.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து நீளமாய் ஒரு மூச்சு வந்தது. கொளுக்கி எடுபட்டது.

யோகக்கா முழங்காலில் ஊர்ந்து வெளியே வந்தா. பிள்ளையைத் தன் கம்பளியில் சுற்றி, தலைக்கு மேல் தன் உள்ளங்கையைக் குடைமாதிரிக் கவிழ்த்துப் பிடித்திருந்தா. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. பிஸ்கற் தூள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. தாய் பறித்து வாங்கினாள். இப்போது அடிப்பாள், ஏசுவாள் என்று நான் நினைத்தேன். ஏசியிருந்தாலும் நியாயம்தான்.

அடுத்த விமானம் அந்த நேரம் வந்தது. முன்னையதைவிடப் பதிவாக, தாழ்வாக. மேற்கு ஜன்னல் மறுபடி ஆடியது. தகப்பன், மார்கிரெற், உறவினர், எல்லாரும் முன்போலவே நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். அந்தத் தாய் மேலே பார்க்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, குனிந்து, படிக்குக் கீழே அந்தப் பொந்துக்குள் போனாள். யோகக்கா அவளுடைய தலை கல்லில் இடிபடாமல் கையை வைத்து, பின்னால் போனா. கதவு மூடியது. கொளுக்கி விழுந்தது.

சப்பாத்துச் சத்தத்தோடு பொலிஸ்காரர் இருவர் நடுப்பாதையால் வந்தார்கள். தகப்பன் கதவைக் காட்டிக்கொண்டு முன்னால் ஓடிவந்தான். நான் கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. இரைச்சல் அடங்கட்டும், கூப்பிட வேண்டும். உள்ளே இருக்கிற மூவரில் இருவரின் பேர்தான் எனக்குத் தெரியும்.

"உங்கள் மனைவியின் பேர் என்ன?" என்று அவனிடம் கேட்டேன்.